இளம் வாத்தியக் கலைஞர்களும் போட்டி மேடையும்

வாத்தியம் வாசிக்கும் இளைஞர்களைத் தனித்தனியாக மேடையேற்றி, நடுவர்கள் முன் வாசிக்கவைத்து, மதிப்பெண் போட்டு முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் முறை உலக அளவில் வேர்விட்டு நூறாண்டு நெருங்குகிறது. வார்சாவில் 1927இல் ஷோபான் பியானோ போட்டி தொடங்கியது. பிரஸ்ஸல்ஸில் 1937இல் நடந்த வயலின் போட்டியில் டேவிட் ஆய்ஸ்த்ராக் முதல் பரிசு பெற்றார். அதுவே பின்னர் ராணி எலிசபெத் போட்டி என்று பெயர் பெற்றது. பனிப்போர் உச்சத்தில் இருந்த 1958இல் மாஸ்கோவின் சைக்காவ்ஸ்கி போட்டியில் வான் கிளைபர்ன் என்ற அமெரிக்கர் வென்றது உலகச் செய்தியானது. பதின்வயதினரை மனத்தில் வைத்து 1982இல் மான்செஸ்டரில் யூரோவிஷன் இளம் இசைக்கலைஞர் போட்டியும், மறு ஆண்டு மெனுஹின் வயலின் போட்டியும் வந்தன. கர்நாடக இசையில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கவை அமெரிக்காவின் கிளீவ்லண்டில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனை விழாவை ஒட்டிய போட்டிகள். வாய்ப்பாட்டு, வாத்தியம், தாள வாத்தியம் என்று பிரிவுகள் பிரித்து, வயதுவாரியாகப் பரிசு தருகிறார்கள். சென்னை சபாக்களும் ஆகாசவாணியும் நடத்தும் போட்டிகளும் இந்த வகைதான். ஆகாசவாணிப் போட்டிக்கு வயது வரம்பு 16 முதல் 24.

போட்டி என்பது தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. பாணபத்திரரை ஏமநாதர் இசை வாதுக்கு அழைத்தது திருவிளையாடல் கதையாகிவிட்டது. தஞ்சை அரசவையில் பொப்பிலி கேசவய்யாவை சியாமா சாஸ்திரிகள் வென்றதாகக் கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன், காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளில் வீணா நாரதன், வாத்ய வித்யாதரன் என்ற பட்டங்களோடு வருகிறான். இவை போட்டியில் வென்றவையா, நடுவர் யார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழைய வாதங்களில் மோதியவர்கள் முதிர்ந்த வித்வான்கள். கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையை நிறுத்தி எடைபோடுவது நவீன காலத்து வழக்கம். ஆகவே அதன் நன்மை தீமையை அந்தப் பிள்ளையின் படிப்பை வைத்தே பார்க்க வேண்டும்.

முதல் நன்மை, கெடு. மார்ச்சில் போட்டி என்றால் டிசம்பரிலேயே உருப்படிகளைத் தேர்ந்து, தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தாக வேண்டும். வாரம் ஒரு வகுப்பு என்று மெதுவாக ஊர்ந்த படிப்பு திடீரென்று ஓட்டம் பிடிப்பதை ஆசிரியர்கள் பலரும் கண்டிருக்கிறார்கள். இரண்டாவது, பாடாந்தரத்தின் விரிவு. வாக்கேயக்காரர் பெயரில் பிரிவுகள் வைக்கும் போட்டிகள், கச்சேரி மேடையில் அருகிப்போன முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை பாடல்களைக்கூட ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவருகின்றன. கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். பள்ளியில் தன்னைத் தவிர யாரும் வீணையைப் பார்த்திராத சூழலில் வளரும் பிள்ளை, தன்னைப் போல நூறு பேர் இருப்பதை அங்கேதான் முதன்முதலாகக் காண்கிறாள். இசைக் குடும்பப் பின்னணியோ சபாச் செயலாளரின் அறிமுகமோ இல்லாத பிள்ளைக்குப் பரிசு ஒரு நுழைவுச்சீட்டு. முதல் பரிசு பெற்றவருக்கு மதிய நேரக் கச்சேரி ஒன்று தரும் சபாக்களும் உண்டு.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த நுழைவுச்சீட்டின் விலை சற்றுக் கூடுதல். 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டின் வடக்கு எல்லை சென்னைப் புறநகருக்குள் கலந்துவிட்டது; இசைச் சூழல் மட்டும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலுமே தங்கிவிட்டது. காலை ஒன்பது மணிப் போட்டிக்குச் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் மிருதங்கப் பையோடு கிளம்பும் பையன் ஆறரைக்குள் நடைமேடையில் நிற்க வேண்டும். வயலின் என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாம். வீணை என்றால் கார்தான்.

பயணத்தோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. கடற்கரைச் சாலை ஊர்களின் ஈரக்காற்றில் தோல் தளர்ந்து வலந்தலையின் சுருதி இறங்கும். கல்லும் புள்ளும் வைத்துத் தட்டி ஏற்றிக்கொண்டு போனால், குளிரூட்டிய கூடத்தில் அரை மணியில் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும்; தொப்பியில் அப்பிய ரவையும் காய்ந்துபோகும். கூடத்திலேயே ஒரு மணி நேரம் வாத்தியத்தை வைத்துப் பழக்கினால் இது சரியாகும். ஆனால் பெரும்பாலான இடங்களில் பிள்ளைகள் வெளியே வராந்தாவில் காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போகிறார்கள். முதல் இரண்டு நிமிடம் சுருதி சேர்ப்பதிலேயே கரைகிறது. நடுவர் தாளில் அது 'சுருதி சுத்தம் போதாது' என்று விழுகிறது. அந்த மதிப்பெண் பிள்ளையின் கையை அளந்ததா, வராந்தாவை அளந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அளவுகோலின் நம்பகம் பற்றி ஆய்வுகளே இருக்கின்றன. ராணி எலிசபெத் பியானோ போட்டியில் இறுதிச்சுற்றுக்கு வரும் பன்னிரண்டு பேர் இரவுக்கு இருவராக ஆறு இரவுகள் வாசிப்பது வழக்கம். யார் எப்போது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். குலுக்கல் என்பதால் திறமைக்கும் வரிசைக்கும் தொடர்பு இருக்கக்கூடாது. ஆனால் பல ஆண்டு முடிவுகளை அலசிய விக்டர் கின்ஸ்பர்க் முதலான பொருளியலாளர்கள், முதல் நாள் வாசித்தவர்கள் பட்டியலில் கீழே தங்குவதையும் பிந்தி வாசித்தவர்கள் மேலே ஏறுவதையும் கண்டார்கள். இதைவிடக் கசப்பான முடிவு ஒன்றும் கிடைத்தது: குலுக்கல் தந்த அந்த இடமே பிற்கால இசைவாழ்வின் வெற்றியையும் பாதித்திருந்தது. 2013இல் வெளியான சியா-ஜுங் சாயின் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. சர்வதேசப் போட்டிகளின் இறுதிச்சுற்றுக் காணொளிகளை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தவர்கள் வெற்றியாளரைக் குருட்டு ஊகத்தைவிடக் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்களால் அது முடியவில்லை. அவர்களில் தொழில்முறை இசைக்கலைஞர்களும் இருந்தார்கள். வாசிப்பைவிட வாசிப்பவரின் உடல்மொழி நடுவரை இழுக்கிறது என்றால், பட்டுப்பாவாடையும் தலையாட்டலும் இங்கேயும் மதிப்பெண் வாங்குகின்றன என்று கொள்வதில் தவறில்லை.

மாமல்லபுரம் 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாடை நடத்திய ஊர். செஸ்ஸில் ராஜாவுக்கு விழுந்த செக்கிலிருந்து தப்ப வழியே இல்லை என்றால் ஆட்டம் முடிந்தது. யாரும் கருத்துச் சொல்லத் தேவையில்லை. இசையில் முடிவே கருத்துதான். அதை மறைக்கத்தான் சுருதிக்கு இத்தனை, லயத்துக்கு இத்தனை, பாடாந்தரத்துக்கு இத்தனை என்று கட்டம் போட்ட தாள். பாடாந்தரம் என்ற கட்டத்தில்தான் வம்பு அதிகம். ஒரே கிருதிக்குப் பாணிக்குப் பாணி சங்கதிகள் மாறும். வயலினில் லால்குடி வில் ஒரு மாதிரி, பரூர் வில் வேறு மாதிரி, துவாரம் வழி இன்னொரு மாதிரி. ஒன்றில் ஊறிய காது மற்றொன்றைப் பிழை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஐரோப்பிய இசையில் எழுதிய ஸ்வரக்குறிப்பு என்ற பொது ஆவணம் இருக்கிறது. அதை வைத்தும் சண்டை ஓயவில்லை. 1980 ஷோபான் போட்டியில் இவோ பொகொரெலிச் இறுதிச்சுற்றுக்குத் தேறாதபோது மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்தே விலகினார். வாய்வழி மரபில் அந்த ஆவணமும் கிடையாது.

இத்தனையும் நிர்வாகக் குறைகள். மனம் வைத்தால் திருத்தலாம். போட்டி எதை அளக்கவே முயலவில்லை என்பதில் இருக்கிறது பெரிய குறை. கர்நாடக இசையில் வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் வாழ்நாளின் பெரும்பகுதி பக்கவாத்தியமே தொழில். பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சங்கதியில் நிற்கப்போகிறார் என்று ஊகித்து அதற்குத் தக்கபடி வில்லை நீட்டுவதும், கையை அடக்குவதும், சில இடத்தில் வாசிக்காமல் இருப்பதும்தான் அந்தக் கலை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் பெயர் இன்றும் பேசப்படுவது தனி ஆவர்த்தனத்துக்காக மட்டுமல்ல, பாட்டுக்கு வாசித்த விதத்துக்காகவும்தான். போட்டிக் கூடத்தில் மிருதங்கப் பையனுக்குப் பாட்டே கிடையாது. எலெக்ட்ரானிக் தம்புரா ஓட, யாரோ ஆதி தாளம் போட, எட்டு நிமிடத்தில் சதுஸ்ர நடை, ஒரு கண்ட நடை, ஃபரன், மோரா, கோர்வை என்று கொட்டிவிட்டு இறங்க வேண்டும். கேட்கத் தெரிந்த பையனும் கேட்கத் தெரியாத பையனும் இங்கே ஒரே மதிப்பெண் வாங்கலாம். வேகம் கூடியவன் அதிகம் வாங்குவான். இப்படிப் பழகிய கை கச்சேரியில் அனுபல்லவிக்குள்ளேயே தனி வாசிக்கத் தொடங்கிவிடும். பாடகர்கள் குறைப்பட்டுக்கொள்வது இதைத்தான்.

மனோதர்மத்துக்கும் இதே கதி. இரண்டு நிமிட ஆலாபனை என்றால் ராகத்தைத் திறந்து மூடத்தான் நேரம். எந்த ராகம் கேட்பார்கள் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிவதால், தோடியும் கல்யாணியும் காம்போதியும் எழுதி மனப்பாடம் செய்த உருப்படிகளாகிவிடுகின்றன. கற்பனாஸ்வரம் என்ற பெயரில் வருவதில் கற்பனை ஆசிரியருடையது. இதற்கு மாற்று ஏற்பாடு உலகில் இல்லாமல் இல்லை. ராணி எலிசபெத் போட்டியின் பியானோ, வயலின் இறுதியாளர்களுக்கு வெளிவராத புதிய படைப்பு ஒன்றைக் கொடுத்து, ஆசிரியரோ தொலைபேசியோ இல்லாமல் ஒரு வாரம் தனித்திருந்து படித்துவரச் சொல்கிறார்கள். பிள்ளை தானாக என்ன செய்கிறாள் என்பது அங்கே தெரிந்துவிடும். இங்கே அதைவிடச் சுலபமாக ஒன்று செய்யலாம். அறிமுகமில்லாத பாடகர் ஒருவரை உட்காரவைத்து, ஒத்திகை இல்லாமல் ஒரு கிருதிக்கு வாசிக்கச் சொன்னால் போதும். பத்து நிமிடத்தில் வில்லும் கையும் யாருடையது என்று தெரியும்.

யார் வருவதே இல்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். திருப்போரூர் கந்தசாமி கோயிலிலும் திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரர் கோயிலிலும் திருவிழாக் காலத்தில் வீதியை நிரப்புவது நாதஸ்வரமும் தவிலும். அவற்றின் இலக்கணமே வேறு: திறந்த வெளி, நடந்துகொண்டே வாசிப்பு, மல்லாரியில் தொடங்கி நள்ளிரவு வரை நீளும் ராகம். அந்தக் காற்றை எட்டு நிமிடத்துக்குள்ளும் மூடிய அறைக்குள்ளும் அடைக்க முடியாது என்பதால் பல சபாப் போட்டிகள் அவற்றைத் தொடுவதில்லை. காஞ்சிபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளி போன்றவற்றில் நாதஸ்வரமும் தவிலும் பாடமாக இருக்கின்றன. படித்து வரும் பிள்ளைக்கு ஏறிக்காட்ட மேடைகள் குறைவு. தொலைக்காட்சியின் இசைப் போட்டிகளும் பெரும்பாலும் வாய்ப்பாட்டோடு நின்றுவிடுகின்றன.

அரசுப் பள்ளிகளுக்காக 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா இந்த இடைவெளியில் ஓரளவு கை வைத்திருக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி, கருவியிசையும் உண்டு, வெற்றியாளருக்குக் கலையரசன், கலையரசி பட்டம். சபா வாசலையே பார்த்திராத பிள்ளையைத் தன் ஊரிலேயே மேடையேற்றுவது இதன் பலம். பட்டத்தில்தான் எச்சரிக்கை தேவை. கேரளம் 1957 முதல் பள்ளிக் கலோத்சவம் நடத்துகிறது. அங்கே கலாதிலகம், கலாபிரதிபா என்ற பட்டங்களை ஒட்டி எழுந்த பெற்றோர் போட்டியும் மேல்முறையீடும் தாங்காமல், பின்னாளில் பட்டங்களைக் கைவிட்டு, இடவரிசைக்குப் பதில் தரநிலைக்கு மாறினார்கள். ராணி எலிசபெத் போட்டியும் இறுதியாளர் பன்னிருவரில் முதல் ஆறு பேருக்கு மட்டுமே இடம் சொல்கிறது. மற்ற ஆறு பேரும் வரிசை எண் இல்லாத பரிசாளர்கள்.

பரிசைவிட நீளமாகக் கைகொடுப்பது உதவித்தொகை. மத்திய அரசின் கலாசார வள மற்றும் பயிற்சி மையம் 1982இல் தொடங்கிய திட்டம் 10 முதல் 14 வயதுக்குள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவ்வப்போது முன்னேற்றத்தைப் பார்த்து, கல்லூரிப் பருவம் வரை தொகையைத் தொடர்கிறது. தேர்வு அங்கேயும் சில நிமிட வாசிப்புதான். வித்தியாசம் பின்தொடர்வதில் இருக்கிறது: ஒருநாள் சறுக்கலோ ஒருநாள் அதிர்ஷ்டமோ பின்னர் சரிபார்க்கப்படுகிறது. போட்டி நடத்துபவர்கள் கோப்பைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைத் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளின் பயணச் செலவுக்கும், நடுவர் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டு எழுதித்தரும் அரைப் பக்கக் குறிப்புக்கும் ஒதுக்கினால், தோற்றுத் திரும்பும் பிள்ளைக்கும் அடுத்த மாதம் என்ன சாதகம் செய்ய வேண்டும் என்பது தெரியும். இப்போது பெரும்பாலும் கிடைப்பது பங்கேற்புச் சான்றிதழ். அதில் பெயர் எழுதும் இடத்தைத் தவிர மற்றதெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான்.