‘ஓசி’ என்னும் சொல்

சொற்களிலே சில, சாட்டையினும் கொடியவை. ‘ஓசி’ அவற்றுள் ஒன்று.

2021ஆம் ஆண்டு மே 8 முதல், தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லத் தொடங்கினர். அன்று தொட்டு அச்சொல் அவர்களைத் துரத்தி வந்திருக்கிறது. திண்ணைப் பேச்சாளர் சொன்னார், பொறுத்தோம். 2022இல் அமைச்சர் ஒருவரே மேடையேறிச் சொன்னார். நம் அணியைச் சேர்ந்தவர் என்பதற்காக நாம் நாவடக்கிக் கொள்வதா? பகுத்தறிவாளர்க்கு அது அழகன்று.

கிழக்கிந்தியக் கும்பினியாரின் அலுவல் மடல்கள் தபால் கூலியின்றிச் சென்றன. அவற்றின்மேல் பொறித்த எழுத்துக்களே ‘ஓசி’ ஆயின என்பாருண்டு. அது மெய்யாயின், அன்று ஓசியில் சென்றது ஏழையின் கூடையன்று, ஆள்வோரின் கடிதம்!

பழனிக்கு வரும் பேருந்திலே, ஆயக்குடிக் கொய்யாவைக் கூடையிலேற்றி வருகிறாளே ஒருத்தி, அவள் கட்டணம் செலுத்தவில்லையா? செலுத்துகிறாள். சோப்பு வாங்கும்போதும் தீப்பெட்டி வாங்கும்போதும் வரியாகச் செலுத்துகிறாள். அந்த வரிப் பணத்திலிருந்துதான் அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு தருகிறது. 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் 2,800 கோடி ரூபாயும், 2025-26இல் 3,600 கோடி ரூபாயும் இதற்கென ஒதுக்கப்பட்டன. பயணம் செய்யும் பெண்ணொருத்திக்குத் திங்கள்தோறும் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. அந்தத் தொகை பிள்ளையின் பாலாகிறது, ஏடாகிறது. தன் காருக்காகப் போடப்பட்ட சாலையின் செலவு முழுவதையும் எந்தச் சீமான் செலுத்தினார்? அவரை ‘ஓசி’ என்று அழைத்தவர் உண்டா?

இதே திண்டுக்கல் சீமையின் பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்தவர் ஊ.பு.அ. சௌந்தர பாண்டியனார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதித்திராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். ஏறும் உரிமையை அவர் பெற்றுத் தந்தார். 1972இல் அமைந்த பாண்டியன் போக்குவரத்துக் கழகம் முதலியவை, வழித்தடங்களைத் தனியார் இலாபக் கணக்கிலிருந்து மீட்டன. கட்டணமில்லாப் பயணம் அவ்வரிசையில் அடுத்த படி. அது பிச்சையன்று, உரிமையே!

உரிமை என்று சொல்வதாலேயே குறைகளையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். 2021இல் வகுத்த திட்டம் நகரப் பேருந்தின் எல்லையோடு நின்றது. பழனிக்கும் மாவட்டத் தலைநகராம் திண்டுக்கல்லுக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் புறப்படும் ஏழைப் பெண், அத்தொலைவுக்குப் புறநகர்ப் பேருந்தின் கட்டணத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதே அத்திட்டத்தின் நிலை. மேலும், பேருந்தே போகாத சிற்றூருக்குக் கட்டணமில்லாச் சீட்டால் என்ன பயன்? தைப்பூசத்துக்குச் சிறப்புப் பேருந்துகளை அணியணியாக விடும் ஆற்றல் நிர்வாகத்துக்கு உண்டு. முருகனைக் காண வருவோர்க்குக் கிடைக்கும் வண்டி, கூலி தேடி வருவோர்க்கு மட்டும் கிடைக்கக் கூடாதா?

பணம் எங்கே என்பார்கள். 2018 சனவரியில் கட்டணத்தை உயர்த்திப் பார்த்தார்கள். மாணவர் வீதிக்கு வந்தனர். சில நாளிலேயே ஓரளவு குறைக்க நேர்ந்தது. ஏழையின் பையில் கைவிடும் வழி அடைபட்டது. தொழிலாளியின் பையிலா கைவிடுவது? வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியை அரசே நிரப்பவேண்டும், ஓய்வு பெற்றோரின் அகவிலைப்படியை வழங்கவேண்டும் என்று கோரித்தான் 2024 சனவரி 9இல் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அக்கோரிக்கை முற்றிலும் ஞாயமானது.

பிரான்சு நாடு 1971இல் பாரீசு வட்டாரத்தில் ஒரு வழி கண்டது: தொழிலாளரை நாள்தோறும் வரவழைத்துப் பயன்பெறும் முதலாளிகள், தாம் தரும் ஊதியத் தொகைக்கேற்பப் போக்குவரத்துக்கு வரி செலுத்தவேண்டும். நம் மாவட்டத்து நூற்பாலைகளும் பெண்களின் உழைப்பால் வாழ்பவையே. அவர்களை ஆலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பேருந்துக்கு ஆலை முதலாளி பங்கு தந்தால் என்ன குறைந்துவிடும்?

தோழர்களே! அடுத்த முறை ‘ஓசி’ என்னும் சொல் காதில் விழும்போது வாளாவிராதீர். யார் வரியில், யார் உழைப்பில், யார் சவாரி செய்கிறார் என்று கேளுங்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு நம் பக்கம் இருக்கிறது.