நட்சத்திரக் குறியை விரிப்பது யார்?

யுனிக்ஸ் ஷெல்லைப் புகழ்கிறவர்கள் தவறாமல் சொல்லும் ஒன்று உண்டு. நட்சத்திரக் குறியை ஷெல்லே விரித்துக் கோப்புப் பெயர்களாக்கிக் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு நிரலும் அதைத் தனியாகச் செய்ய வேண்டாம். சரிதான். ஆனா அதுக்கு நாம கொடுக்கிற விலை என்னன்னும் பார்க்கணும்.

டாஸில் "ரென் *.டிஎக்ஸ்டி *.பேக்" என்று அடித்தால் எல்லா டெக்ஸ்ட் கோப்புகளும் பெயர் மாறும். ரென் கட்டளைக்கு நட்சத்திரம் அப்படியே போய்ச் சேர்வதால், பயனர் கேட்டது அதற்குப் புரிகிறது.

யுனிக்ஸில் ரென்னுக்குப் பதில் எம்வி போட்டுப் பாருங்க. அடைவில் கடிதம்.டிஎக்ஸ்டி, கணக்கு.பேக் என்று இரண்டே கோப்புகள் இருந்தால், எம்விக்குக் கிடைப்பது அந்த இரண்டு பெயர்கள் மட்டுமே. பழைய கணக்கு அழிந்து, அதன் பெயரில் கடிதம் உட்கார்ந்திருக்கும். கேள்வியே கிடையாது. பேக் கோப்பு எதுவும் இல்லையென்றால் கடிதத்தின் பெயரே "*.பேக்" ஆகிவிடும்! எம்வி மேல் தப்பில்லை. பயனர் நட்சத்திரம் அடித்தார் என்பதே அதற்குத் தெரியாது.

ஹைஃபனில் தொடங்கும் கோப்புப் பெயரும் இப்படித்தான். விரிந்த பிறகு அது பெயரா, ஆப்ஷனா என்று நிரலால் பிரிக்க முடியாது. "./*" என்று எழுதுங்கள், "--" போடுங்கள் என்பதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை.

ஆரம்பகால யுனிக்ஸில் விரிக்கும் வேலையைக் குளோப் என்ற தனி நிரல் செய்தது. பொருந்தும் கோப்பு இல்லையென்றால் அது பிழை சொல்லி நின்றுவிடும். 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல் அந்த வேலையைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. பொருந்தாத குறியை அப்படியே நிரலுக்குத் தள்ளியது. பாஷ் இன்னும் அந்த வழியில்தான் போகிறது. நிறுத்துவதற்கு ஃபெயில்குளோப் என்ற அமைப்பு இருந்தும், இயல்பில் அணைந்தே கிடக்கிறது. இஸட்ஷெல் இயல்பாகவே நின்றுவிடுகிறது.

விரிப்பதை நிரல்களிடம் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்புறம் ஆளுக்கொரு விதி வந்துடும். பயனர் அடித்தது எது, தான் நிரப்பியது எது என்று ஷெல்லுக்குத் தெரியும். நிரலிடம் கொடுக்கும்போது அந்தத் தகவலைத் தொலைத்துவிடுகிறது. என் குறை அதுதான்.

ஃபெயில்குளோப் பாதி ஆபத்தைத் தடுக்கும். மீதிக்கு, எம்வியோடு "-ஐ" சேர்த்துக்கோங்க. சந்தேகம்னா முதல்ல அதே வரியை எக்கோவுக்குக் கொடுத்துப் பாருங்க.