கலர் டிவி கதையில் காணாமல் போன வேன்

1982 டெல்லி ஆசிய விளையாட்டையும் கலர் டிவியையும் பற்றி வரும் கட்டுரைகளில் எனக்கு ஒரு மனக்குறை. பெரும்பாலும் எல்லாமே வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறது. இறக்குமதி செட், அதன் விலை, தெருவுக்கு ஒரு டிவி வீடு, ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள். சுவையான நினைவுகள்தான், மறுக்கல. ஆனா அந்தப் படம் எங்கிருந்து கிளம்பியது?

மைதானத்துக்கு வெளியே நின்ற ஓ.பி. வேனிலிருந்து.

நம்ம நாட்டில் கலர் ஸ்டுடியோவில் பிறக்கவில்லை. முதலில் 1982 ஆகஸ்ட் 15 சுதந்திர தின ஒளிபரப்பு, பிறகு நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை ஆசிய விளையாட்டு. இரண்டுமே திறந்தவெளி. மாநில நிலையங்களின் ஸ்டுடியோக்கள் படிப்படியாகத்தான் மாறின. இங்கிலாந்திலும் இதே கதை: 1967 ஜூலை 1 அன்று பிபிசி2 கலரைத் தொடங்கியது விம்பிள்டன் டென்னிஸோடு. வேனை விட்டுவிட்டு இதை எழுதுவது, சமையல்காரரைக் கேட்காமல் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது மாதிரி.

அந்தக் காலத்து கலர் கேமரா வெளிச்சத்தைச் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்து மூன்று டியூப்களுக்கு அனுப்பும். மூன்று படமும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்காரணும். வெயில் ஏறினாலும் கேமராவை இடம் மாற்றினாலும் நகர்ந்துடும். அதனால் நிகழ்ச்சிக்கு முன்னாடி சோதனை அட்டையைக் காட்டி, வேனுக்குள் உட்கார்ந்தபடி ஒவ்வொரு கேமராவாகச் சரிசெய்வார்கள். அப்புறம் மேகம் வந்து போகும்போதெல்லாம், ஒரு கேமராவில் பச்சையாக இருக்கும் புல் அடுத்ததில் மஞ்சளாகாமல் பார்த்துக்கணும். ஓசூர் சிப்காட்டில் மெஷின் செட்டிங் எடுப்பவர்களுக்கு இந்த வேலை உடனே புரியும். முதல் பீஸ் சரியாக வரும்வரை படும் பாடு யார் கண்ணிலும் படாது.

"கலரெல்லாம் பணக்காரங்களுக்கு, மற்றவங்க கருப்பு வெள்ளையில்தான் பார்த்தாங்க" என்ற வாதமும் அடிக்கடி வரும். பாதி உண்மை. மூன்று டியூப் கேமராவில் கருப்பு வெள்ளைப் படமும் அதே மூன்று படங்களைக் கலந்துதான் வரும். அவை ஒட்டாவிட்டால் சாதாரண செட்டிலும் ஓட்டக்காரருக்கு இரட்டை விளிம்பு தெரியும். ஈஎம்ஐ 2001 கேமராவில் வெளிச்சத்துக்கென்றே நாலாவது டியூப் வைத்ததில் இந்தத் தொல்லைக்கும் பங்கு உண்டு. ஆக, கருப்பு வெள்ளை வீடும் அந்த வேன்காரரின் கையை நம்பித்தான் இருந்தது.

வேன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ். ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிறகு கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175. பிபிசி வேலைநிறுத்தம் என்பார்கள், அன்றைக்கு வேறு ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பார்கள். எதுவானாலும் டிவி கேமரா அங்கே போகல. அந்த 175-ஐ இன்றும் ஸ்கோர்கார்டில்தான் பார்க்கிறோம்.