பிறருக்காகவா, பிறர் வழியாகவா?

நூல் மதிப்புரைகளிலும் திரைப்படத் திறனாய்வுகளிலும் 'விக்கேரியஸ்' என்னும் ஆங்கிலச் சொல் எடுத்தாளப்படுவதுண்டு. தான் பட்டறியாத ஒன்றைப் பிறர் வாழ்வின் வழியே கற்பனையில் துய்ப்பதை அது குறிக்கும். 'பிறர்வழி அனுபவம்' எனத் தமிழில் சொல்லலாம். ஆனால், இச்சொல் பிறந்த இடம் கலையரங்கு அன்று.

இலத்தீனில் 'விச்சிஸ்' என்பது முறை, மாற்று, ஒருவருக்குரிய இடம் எனப் பொருள்படும். அதன் வழிவந்த 'விக்காரியுஸ்' மற்றொருவர் இடத்தில் நிற்பவரைக் குறித்தது. உரோமையரிடையே ஓர் அடிமைக்கு அடிமையாய் இருந்தவனுக்கும் இப்பெயர். பேரரசின் பெரும் பிரிவொன்றை ஆண்ட அதிகாரிக்கும் இதே பெயர். 'வைஸ்ராய்' என்பதன் முற்பகுதியும் இவ்வேரினின்று கிளைத்ததே. திருத்தந்தையைக் கிறிஸ்துவின் பதிலாள் என்கையில் திருச்சபை ஆள்வதும் இச்சொல்லே. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் உதவிப் பங்குத்தந்தைக்குரிய பெயரிலும் அது உண்டு.

மீட்பின் மறைபொருளை விளக்கவும் இச்சொல் பயன்பட்டது. புனித ஆன்செல்ம் 1098இல் முடித்த 'இறைவன் ஏன் மனிதரானார்' என்னும் நூலின் கருத்தைப் பின்வந்த இறையியலார் வளர்த்து, பதிலாள் நின்று செய்யும் பரிகாரம் என வழங்கினர். அயலான் ஒருவன் நம் கடனை அடைத்துச் சென்றான் என்று இதைக் கொள்ளலாகாது. தலையும் உறுப்புகளும் மறையுடலில் ஓர் ஆள் போல் இணைந்திருப்பதாலேயே கிறிஸ்துவின் பரிகாரம் நம்முடையதாகிறது என்பார் அக்குவினா தோமையார்.

ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த இச்சொல், 20ஆம் நூற்றாண்டில் இன்றைய பொருளையும் ஏற்றது. அன்று பதிலாள் பிறருக்காகச் சுமந்தான். இன்றோ பார்வையாளன் சுமையின்றிச் சுவைக்கிறான். தொலைக்காட்சித் தொடரின் விதவைக்காகக் கண்ணீர் விட்டு, அடுத்த வீட்டு விதவையின் கதவைத் தட்டாதிருக்க நம்மால் இயல்கிறதே!

இதனால் கலையைப் பழிப்பது முறையாகாது. ஒருவன் உற்ற உணர்வு காண்பவனுக்கும் எய்துவதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உரையாசிரியர்கள் நுணுகி ஆராய்ந்தனர். புனித இஞ்ஞாசியாரும் 1548இல் அச்சேறிய ஆன்மீகப் பயிற்சிகளில், நற்செய்திக் காட்சியினுள் கற்பனையால் நுழையச் சொல்கிறார். ஆயினும் அங்கேயே நம்மை விட்டுவிடுவதில்லை. சிலுவையின்முன் நிறுத்தி, 'கிறிஸ்துவுக்காக நான் செய்ய வேண்டியது யாது?' எனக் கேட்கவைக்கிறார். பிறர் உணர்வில் பங்குகொள்வது அவருக்கு வாயில், தங்குமிடம் அன்று.

1941இல் அவுஷ்விட்ஸ் முகாமில், பட்டினிச் சாவுக்குக் குறிக்கப்பட்ட குடும்பத் தலைவர் ஒருவர் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். உடனிருந்த கைதிகள் பலர் அதைக் கேட்டனர். மாக்சிமிலியன் கோல்பே அடிகளார் முன்வந்து அவரிடத்தை ஏற்று, ஆகஸ்டு 14 அன்று உயிர் நீத்தார். காப்பாற்றப்பட்டவர் 1995 வரை வாழ்ந்தார். கதறலைக் கேட்டு உருகுவது பிறர்வழி அனுபவம். வரிசையை விட்டு முன்வருவதே அச்சொல்லின் முதற்பொருள்.

சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைகளையும் கண்ணீரோடு கடக்கிறோம். அக்கண்ணீர் பொய்யன்று. ஐந்தாம் நிலையில் சீமோன் தோள் கொடுப்பதைப் பார்த்து முழந்தாளிடும் நாம், எழுந்து சென்று யாருக்குத் தோள் கொடுக்கிறோம்?