இரண்டாம் இசைக்கருவித் தெரிவு

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற ஆசிரியர் ஒவ்வொருவரின் தகுதியையும் வகுத்துரைக்கின்றது. தண்ணுமையாசிரியன் தன் தோற்கருவியை மட்டும் அறிந்தவனாக அங்கே காட்டப்படவில்லை. ஆடலும் பாடலும் பண்ணும் தாளமும் தமிழும் அறிந்தவனாகவே காட்டப்படுகின்றான். அக்காதையில் யாழாசிரியன் இயல்பு கூறும் அடிகளுக்கு விரிவுரையாகவே விபுலானந்த அடிகள் 1947 இல் வெளிவந்த தம் யாழ்நூலை அமைத்தார். ஒரு கருவியில் வல்லவனாக விரும்புவோன் பிறவற்றையும் அறிதல் வேண்டும் என்னும் கொள்கை தமிழ் மரபிற்குப் புதியதன்று. ஆயின், எதனை இரண்டாவதாகப் பயில்வது என்னும் வினாவிற்கு இக்கால மாணவர் காணும் விடை ஆராயத்தக்கது.

பலர் எளிமை ஒன்றனையே அளவுகோலாகக் கொள்கின்றனர். எக்கருவியில் விரைவாக ஒரு பாட்டை வாசித்துக் காட்டலாமோ அதுவே நல்லதெனத் துணிகின்றனர். வயலின் பயில்வோன் ஆர்மோனியத்தை நாடுதல் இவ்வகையினது. கட்டையை அழுத்தியவுடன் சுரம் எழும். ஆயின், எழுந்த சுரத்தை அசைக்கவோ வளைக்கவோ இயலாது. கருநாடக இசையின் உயிராகிய கமகம் அங்கே முழுவடிவு பெறாது. அகில இந்திய வானொலி 1940 இல் அக்கருவியை விலக்கியதும், 1971 இல் அத்தடையைத் தளர்த்தியதும் இசையுலகம் அறிந்தவை. பாடுவோனுக்குச் சுருதித் துணையாக அதற்குரிய இடத்தை மறுத்தல் முறையன்று. எனினும், வயலின் மாணவனுக்கு அது முன்னரே பெற்றதனைக் குறைத்துத் தருமேயன்றிப் பெறாததைத் தாராது. முதற்கருவி மறைத்து வைத்ததை வெளிப்படுத்துவதே இரண்டாம் கருவியின் பணியாகும்.

இதற்குச் சிறந்த சான்று முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). வீணை மரபில் வளர்ந்த அவர், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். வில்லால் நாதத்தை நீட்டும் ஆற்றல் வீணைக்கு இல்லை. கமகத்தின் நுட்பம் மேனாட்டு வயலின் பயிற்சியில் இல்லை. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைத்தது. மேனாட்டார் தோளில் வைத்து வாசிக்கும் அக்கருவி, காலப்போக்கில், தரையில் அமர்ந்து அதன் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும் கருவியாயிற்று. தந்திகளும் சட்சமமும் பஞ்சமமும் மாறிமாறி வரச் சுருதி கூட்டப்பெற்றன. இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. எளிமையை நாடியிருந்தால் இப்பேறு கிட்டியிராது.

இவ்வளவுகோலைக் கொண்டு பிற கருவிகளையும் நோக்கலாம். வீணையில் 24 மெட்டுகள் சுரத்தானங்களைக் கண்ணுக்குக் காட்டி நிற்கின்றன. வயலினில் மெட்டு இல்லை. செவியே விரலுக்கு வழிகாட்ட வேண்டும். ஆகவே வீணை மாணவன் வயலின் பயின்றால் செவி கூர்மையுறும்; வயலின் மாணவன் வீணை பயின்றால், சுரத்தானங்களின் அமைப்பு அவன் உள்ளத்தில் வரைபடமாகப் பதியும். புல்லாங்குழலோ, மூச்சின் அளவே இசைத்தொடரின் அளவு என்பதை உணர்த்தும். வில்லை இடையறாது இழுத்துப் பழகியவனுக்கு எவ்விடத்தில் நிறுத்துவது என்று கற்பிக்கும் ஆசான் அதுவே.

எனினும், இராகக்கருவி பயில்வோருட் பலருக்கு இன்றியமையாத இரண்டாம் கருவி மிருதங்கம் என்பது மிகையாகாது. கற்பனைச் சுரம் பாடித் தாளத்தில் இடறும் மாணவனின் குறை, பெரும்பாலும் இராக அறிவின் குறையன்று, காலக்கணக்கின் குறை. கையால் தாளம் போடுதல் வேறு. அத்தாளத்தின் உள்ளே எழும் சொற்கட்டுகளை விரல்களால் உணர்தல் வேறு. வாய்ப்பாட்டிலும் வயலா வாசிப்பிலும் புகழ்பெற்ற பாலமுரளிகிருஷ்ணா (1930–2016) மிருதங்கமும் கஞ்சிராவும் வாசிக்க வல்லவராய் இருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடாதோ எனச் சிலர் ஐயுறுவர். அவ்வையம் பொருளுடையதே. முதற்கருவியில் வர்ணங்களையும் சில கீர்த்தனைகளையும் தடையின்றி வாசிக்கும் நிலை எய்துமுன் மற்றொன்றைத் தொடுபவன் இரண்டையும் இழப்பான். மேலும், முதற்கருவியில் முயற்சி தளர்ந்தமையால் வேறொன்றை நாடுவோன், அங்கும் அதே தளர்ச்சியைக் காண்பான். கருவி மாறினும் கை மாறுவதில்லை.

ஆதலின் இரண்டாம் கருவியைத் தேடும் மாணவன், கடைவீதிக்குச் செல்லுமுன் தன் ஆசிரியரை அணுகித் தன் வாசிப்பில் உள்ள குறை யாதெனக் கேட்டறிதல் நன்று. அக்குறையே அவனுக்குரிய கருவியைத் தெரிந்து கொடுக்கும். அவ்வாறு தெரிந்த கருவியில் அவன் அரங்கேறாமலே போகலாம். ஆயினும், முதற்கருவியை அவன் மீண்டும் கையில் எடுக்கும்போது அப்பயிற்சியின் பயன் கேட்போர் செவிக்குப் புலனாகும்.