மெத்தையும் மதிப்புரையும்

முதுகு வலிக்கிறதே என்று இணையத்தில் மெத்தை வாங்க உட்கார்ந்தேன். தொட்டுப் பார்க்க வழியில்லை. வாங்கியவர்கள் எழுதும் மதிப்புரைகளைத்தான் நம்ப வேண்டும். நூற்றுக்கு மேல் படித்தேன். நம் பத்திரிகை மதிப்புரைகள் மாதிரியேதான்: அருமை, அற்புதம், ஐந்து நட்சத்திரம். எல்லாம் படுத்த மறுநாளே எழுதியவை. 1966-ல் நாஸாவுக்காக, விமான ஆசனத்துக்கென்று உருவாக்கிய நுரை என்ற பெருமையை விளம்பரத்தில் உள்ளபடியே ஒப்பிக்கிறார்கள். அந்த நுரை உடம்புச் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று, சித்திரை வெயிலில் புழுங்கியிருக்க வேண்டியவர்கள்கூடச் சொல்லக் காணோம்.

ஒரே ஒரு அம்மாள் எட்டு மாதம் கழித்து எழுதியிருந்தார். படுக்கையோடு கிடக்கும் கணவருக்கு வாங்கியதாம்; இடுப்புப் பக்கம் குழி விழுந்துவிட்டது, அவரைப் புரட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. நாலே வரி. நடை என்று ஒன்றும் கிடையாது. நான் படித்ததில் விமர்சனம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அது உபயோகப்பட்டதாக ஒப்புக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். நான் மூன்றாமவன்.