செம்மஞ்சட் கோடு யாருடையது? – தேசியக் கொடியும் பெருந்தோட்டத் தமிழரும்

கொடியும் ஒரு பனுவலே. அதற்கு ஆக்கியோர் உளர். ஆக்கப்பட்ட காலமும் உண்டு. அது எவரைப் பேசுகின்றது, எவரைப் பேசாது விடுகின்றது என்பன திறனாய்வாளன் எழுப்ப வேண்டிய வினாக்கள். இலங்கைத் தேசியக் கொடியை நமுனுகுல மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களில் நின்று நோக்குமிடத்து, இவ்வினாக்கள் கூர்மை பெறுகின்றன.

மஞ்சட் கரையினால் சூழப்பட்ட இரு பகுதிகளைக் கொண்டது இக்கொடி. கம்பத்தை அடுத்த பகுதியில் பச்சை, செம்மஞ்சள் ஆகிய இரு நெடுங்கோடுகள் உள்ளன. மற்றைய பகுதியின் கருஞ்சிவப்புப் புலத்தில் வாளேந்திய சிங்கம் நிற்கின்றது. மூலைகள் நான்கிலும் அரசிலைகள். சிங்கம் சிங்களவரையும், பச்சை முஸ்லிம்களையும், செம்மஞ்சள் தமிழரையும் குறிக்கும் என்பது வகுப்பறைகளில் வழங்கும் விளக்கம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கொடியின் உருவத்தைத் தருகின்றதேயன்றி, வண்ணங்களுக்குப் பொருள் கூறுவதில்லை. பொருளை வழங்கியது அரசியல்.

சிங்கத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட கொடியை, செல்சி மருத்துவமனையில் ஈ. டபிள்யு. பெரேரா கண்டறிந்தார். சிங்களக் கொடிகள் பற்றிய அவரது நூல் 1916இல் வெளிவந்தது. ஆனால் அக்கொடியின் கீழ் ஆண்ட இறுதி மன்னன் சிறீ விக்கிரமராசசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய நாயக்கர் மரபினன். வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்தவன். 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்ட கண்டிப் பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்தைப் பயன்படுத்தியதும் அறியப்பட்டதே. அரசுரிமையின் அடையாளமாயிருந்த சிங்கத்தை ஓரினத்தின் அடையாளமாக வாசித்தது, இருபதாம் நூற்றாண்டின் கற்ற மத்தியதர வர்க்கமேயாம்.

ஊவாவின் வரலாறு இதனினும் ஆழமான முரண்பாட்டைக் காட்டுகின்றது. 1817–18 ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த ஊவா மக்கள் கொடூரமாக ஒடுக்கப்பட்டனர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உறுதியில்லா நிலங்களை அரசுடைமையாக்கித் தோட்டத்துரைமார் வாங்குதற்கு வழிசெய்தது. அந்நிலங்களில் முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் வளர்க்கத் தமிழகத்தின் வறிய உழவர் கொணரப்பட்டனர். நிலமிழந்த சிங்கள விவசாயியும் லயத்தில் அடைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒரே சுரண்டலின் இரு முகங்கள். வரலாறு ஒன்றாகப் பிணைத்த இவ்விருவரையும் கொடி இனங்களாக மட்டுமே கண்டு, கரையிட்டுப் பிரிக்கின்றது.

கோடுகள் தோன்றியவாற்றை நோக்குவோம். 1948 ஜனவரியில் சிங்கக் கொடியைத் தேசியக் கொடியாக்கும் பிரேரணையை முன்வைத்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை. தமிழரிடையே எழுந்த ஐயங்களின் பின்னர், அவ்வாண்டு மார்ச்சில் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையில் குழுவொன்று அமைந்தது. கொத்தலாவலை, ஜயவர்த்தன, ரி. பி. ஜாயா, ஜீ. ஜீ. பொன்னம்பலம், செனற்றர் நடேசன் முதலியோர் அதில் இடம்பெற்றனர். நடேசன் மாத்திரம் முடிவுக்கு உடன்படவில்லை. குழுவில் தொழிலாளர் பிரதிநிதி எவருமிலர். 1833 முதல் சட்டநிரூபண சபையில் இனவாரியாக ஆசனம் பங்கிட்ட குடியேற்றவாத முறையே, இங்கு வண்ணவாரியான பங்கீடாக மறுபிறவி எடுத்தது எனலாம்.

அக்குழு கூடியிருந்த காலத்திலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 7,33,000. இந்தியத் தமிழர் எனப்பட்டோர் ஏறத்தாழ 7,80,000. அதாவது, 1951 மார்ச் 2ஆம் நாள் தமிழருக்கென ஒரு கோடு பாராளுமன்றத்தில் ஏற்கப்பட்டபோது, இந்நாட்டுத் தமிழருட் பாதிக்கு மேற்பட்டோர் அடங்கிய தொகுதியின் பெரும்பகுதி நாடற்றதாக்கப்பட்டிருந்தது. கோடு வரையப்பட்டது, கோட்டுக்குரியோர் நீக்கப்பட்டனர். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களுள் ஒன்றேனும் 1952இல் மீளக் கிடைக்கவில்லை.

அவ்வெழுவருள் ஒருவர் தலவாக்கலை உறுப்பினரான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ அ. பால ஐயா தமிழாக்கிய ‘தேயிலைத் தோட்டத்திலே’, தேயிலையின் அடியிற் புதையுண்ட உழைப்பாளியைப் பாடுபொருளாக்கிற்று. கொடி கூறாது விட்டதைக் கவிதை கூறியது. மலையக இலக்கியத்தின் வரலாற்றுப் பணி இதுவேயாம்.

இடதுசாரிகளும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டோரல்லர். குடியுரிமைச் சட்டத்தை அவர்கள் எதிர்த்தமை போற்றற்குரியது. ஆயின் 1972இல் கொடியின் மூலைகளில் அரசிலைகள் இடம்பெற்றபோது, பௌத்தத்துக்கு முதன்மையிடம் தந்த அரசியலமைப்பை உருவாக்கிய அமைச்சர் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. பெருந்தோட்டக் கைத்தொழிலுக்கும் அவரே அமைச்சர். நான்கு இலைகள் சேர்க்கப்பட்டன. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்த இலையையோ அதனைக் கொய்த கையையோ எவரும் நினைத்திலர். மறுபுறம், தேயிலைச் சபையின் தரச் சின்னமாக வாளேந்திய சிங்கம் தேயிலைப் பொதிகளில் ஏறி உலகை வலம்வருகின்றது. உழைப்பின் விளைபொருள் தேசியச் சின்னத்தைத் தாங்குகின்றது. உழைப்பாளிக்கு அச்சின்னத்தில் இடமில்லை.

இதற்குப் பரிகாரம் மற்றொரு கோடு சேர்ப்பதென்பது எளிய விடை; தவறான விடையுமாம். கோடுகளைப் பெருக்குவது இனப்பங்கீட்டு நோக்கை உறுதிப்படுத்தவே உதவும். 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமை வினாவுக்கு விடை தந்தன. காணி வினாவுக்குத் தரவில்லை. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோர் முன்வைத்தவற்றுள் காணியுரிமையும் ஒன்று. தான் உழைக்கும் மண்ணில் தனக்கெனக் காணித்துண்டும் முகவரியும் இல்லாதவனுக்கு எந்த வண்ணமும் பிரதிநிதித்துவமாகாது. ஊவாவின் விவசாயியையும் தொழிலாளியையும் ஒருசேர நிமிரச்செய்யும் நிலவுறவு மாற்றமே, ஒரு கொடியை மக்கள் அனைவர்க்கும் உரியதாக்கும்.